கரியில் ஓடிய மதுரை பஸ்! இட்லிப் பானைக்குள் ஒரு என்ஜினீயரிங் பாடம்

மதுரைச் சீமையில் முன்பு "கரி பஸ்" ஓடியது.

இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். "கரியைப் போட்டால் அடுப்பு எரியும். பஸ் ஓடுமா?" என்று கேட்பார்கள்.

ஓடியது. அதுவும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மூட்டை முடிச்சுகளையும் கூரையில் ஏற்றிக்கொண்டு ஓடியது!

அது இரண்டாவது உலக யுத்தக் காலம். 1939-ல் தொடங்கிய யுத்தம் 1945 வரை நீடித்தது. கப்பல், விமானம், ராணுவ லாரி எல்லாவற்றுக்கும் எண்ணெய் தேவைப்பட்டது. ஊர் பஸ்களுக்குப் பெட்ரோல் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. கிடைத்ததும் ரேஷன்தான்.

அப்போது மதுரையில் இருந்த டி.வி.எஸ். நிறுவனம் ஒரு வழி கண்டது. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கிய நிறுவனம் அது. பஸ் தொழிலில் ஊறியவர்கள். கரியில் இருந்து கியாஸ் எடுக்கும் சாதனம் ஒன்றை அவர்கள் தயாரித்தார்கள். "டி.வி.எஸ். கியாஸ் பிளாண்ட்" என்று அதற்குப் பெயர். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் ஓடின.

பஸ்சோடு இணைத்த இரும்புப் பீப்பாய் ஒன்று. அதற்குள் அடுப்புக் கரி. அடியில் நெருப்பு. காற்றை மட்டும் குறைவாக விடுவார்கள். அதுதான் சூட்சுமம்!

காற்று தாராளமாகக் கிடைத்தால் கரி முழுவதும் எரிந்து கரியமில வாயுவாகிவிடும். சூடு எல்லாம் அடுப்பிலேயே தீர்ந்துவிடும். காற்று குறைவாக இருந்தால், அந்தக் கரியமில வாயு மேலே உள்ள சிவந்த கரியின் ஊடே போகும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். இது பாதி எரிந்த வாயு. இன்னும் எரியக்கூடியது. இதைக் குளிரவைத்து, தூசி வடிகட்டி, என்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் ஆவி செய்யும் வேலையை ஓரளவு செய்யும்.

ஓரளவுதான். அந்த கியாசில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். அதனால் வண்டியின் வலு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மேட்டில் வண்டி திணறியது, பயணிகள் இறங்கி நடந்தது, நடந்தவர்கள் முன்னால் போய் நின்று பஸ்சுக்காகக் காத்திருந்தது என்று பல வீடுகளில் தாத்தாக்கள் கதை சொல்லியிருக்கிறார்கள்.

(இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கார்பன் மோனாக்சைடு கொடிய விஷம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மழைக் குளிருக்குப் பூட்டிய அறையில் கரி அடுப்பு மூட்டிவிட்டுத் தூங்கினால் வருவதும் இதே வாயுதான். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்!)

சூடு எங்கே போயிற்று?

ஒரு மூட்டைக் கரி எரிந்தது. அதன் சூட்டில் எவ்வளவு பங்கு சக்கரத்தைச் சுழற்றியது? ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது! மீதி எங்கே போயிற்று? அதைப் பிடித்து நிறுத்த முடியுமா? முடியாதா?

இந்தக் கணக்கைப் பார்க்கும் சாஸ்திரத்துக்குத்தான் "வெப்ப இயக்கவியல்" என்று பெயர். மதுரையில் 1957-ல் கருமுத்து தியாகராசர் செட்டியார் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில், யந்திரப் பிரிவு மாணவர்கள் இந்தப் பாடத்தைப் படித்தே தீரவேண்டும்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பாதிப் பாடம் உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் தினமும் நடக்கிறது.

வரப்பு போடுங்கள்

வயல் கணக்குப் பார்க்க வேண்டுமானால் முதலில் வரப்பு எது என்று தெரியவேண்டும். "இதுவரை என்னுடையது, அதற்கு அப்பால் உன்னுடையது" என்று தெரியாமல் கணக்குப் பார்த்தால் சண்டைதான் மிஞ்சும்.

என்ஜினீயர்களும் முதலில் வரப்புதான் போடுகிறார்கள். அடுப்பில் இட்லிப் பானை இருக்கிறது. அதைச் சுற்றி மனசுக்குள் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பது "அமைப்பு". வெளியே இருப்பது எல்லாம் "சுற்றுப்புறம்". கோடுதான் "எல்லை".

எல்லை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது இல்லை. கரி பஸ்சின் என்ஜினை மட்டும் சுற்றிக் கோடு போடலாம். பீப்பாயையும் சேர்த்துப் போடலாம். பஸ் முழுவதையும் சேர்த்தும் போடலாம். எங்கே போட்டாலும் சரி, ஒரு தடவை போட்டுவிட்டால் கணக்கு முடியும் வரை மாற்றக்கூடாது! பரீட்சையில் தோற்கிற மாணவர்களில் பலர் நடுவழியில் கோட்டை நகர்த்தியவர்களே என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

விறகு அடுப்பைச் சுற்றி இந்தக் கோட்டைப் போட்டுப் பாருங்கள். மூன்று கல் வைத்து மூட்டும் சாதாரண அடுப்பில் 100 பங்கு சூடு பிறந்தால், பானைக்குள் போவது 10 முதல் 15 பங்குதான். மற்றது புகையோடும், கல்லோடும், சமைப்பவரின் முகத்தோடும் போய்விடுகிறது.

இனி, எல்லையைத் தாண்டிப் போவது எது என்று பார்க்கவேண்டும்.

பேரன் இட்லிப் பானை மூடியைத் திறக்கப் போகிறான்.

"டேய், திறக்காதடா! ஆவி போயிடும்" என்கிறார் அப்பத்தா.

"போனா என்ன அப்பத்தா?"

"போனா இட்லி வேகாது. ஆவியோட சூடும்ல போகுது!"

அப்பத்தா சொன்னது அத்தனையும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. திறந்த பானையில் பொருளும் (ஆவி) வெளியே போகிறது, சூடும் போகிறது. இதற்குத் "திறந்த அமைப்பு" என்று பெயர். பஸ் என்ஜினும் அப்படித்தான். கியாசும் காற்றும் உள்ளே வருகின்றன; புகை வெளியே போகிறது.

விசில் அடிக்காத குக்கரில் பொருள் வெளியே போவதில்லை. சூடு மட்டும் உள்ளே போகிறது. இது "மூடிய அமைப்பு". விசில் அடித்த கணத்தில் அதுவும் திறந்த அமைப்பாகிவிடுகிறது!

பொருளும் போகாமல் சூடும் போகாமல் இருந்தால் "தனித்த அமைப்பு". ஆஸ்பத்திரிக்குக் காப்பி கொண்டு போகும் பிளாஸ்க் ஏறக்குறைய இந்த ரகம். அந்தப் பாத்திரத்தை 1892-ல் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் டூவர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. ஏன் "ஏறக்குறைய" என்கிறோம்? ராத்திரி ஊற்றிய காப்பி மறுநாள் மத்தியானம் ஆறித்தான் இருக்கும். நூற்றுக்கு நூறு தனித்த அமைப்பை இதுவரை யாரும் செய்ததில்லை.

கொடைக்கானலில் பருப்பு வேகாதது ஏன்?

தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மதுரைக்கு அது சரி. மதுரை கடல் மட்டத்தில் இருந்து சுமார் 100 மீட்டர் உயரம்தான்.

கொடைக்கானலோ சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்! அதற்கு மேல் எவ்வளவு விறகைத் திணித்தாலும் திறந்த பானையில் சூடு ஏறாது. பருப்பு வேகத் தாமதமாகும்.

காரணம் என்ன? நம் தலைக்கு மேல் உள்ள காற்றுக்கு எடை உண்டு. அந்த எடை தண்ணீரை அமுக்குகிறது. மலை மேல் காற்று குறைவு, அமுக்கமும் குறைவு. தண்ணீர் சுலபமாக ஆவியாகிவிடுகிறது. குக்கர் இதற்கு நேர் எதிர். ஆவியைப் பூட்டிவைத்து அமுக்கத்தைக் கூட்டுகிறது. உள்ளே சூடு சுமார் 120 டிகிரிக்குப் போகிறது. கல்லுப் போன்ற கொண்டைக்கடலையும் வெந்துவிடுகிறது.

அமுக்கம், சூட்டின் அளவு, கன அளவு ஆகிய இவை எல்லாம் ஒரு பொருளின் "பண்புகள்". பண்புகளைச் சொன்னால் அதன் "நிலை" தெரிந்துவிடும். சாதாரணத் தண்ணீருக்கோ ஆவிக்கோ ஒன்றையொன்று சாராத இரண்டு பண்புகளைச் சொன்னால் போதும். கொதிக்கும்போது மட்டும் ஒரு சிக்கல். அப்போது அமுக்கமும் சூடும் கைகோத்துக்கொண்டே போகும். ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக வந்துவிடும். எனவே, "பானையில் எவ்வளவு ஆவி, எவ்வளவு தண்ணீர்" என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பண்புக்கு ஒரு குணம் உண்டு. அது வந்த வழியை நினைவில் வைத்திருக்காது.

கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாகவும் போகலாம். பழனி வழியாகவும் போகலாம். எப்படிப் போனாலும் நீங்கள் நிற்கும் உயரம் ஒன்றுதான். ஆனால் வழியில் செலவான டிக்கெட் பணமும், வளைவுகளில் முகர்ந்த எலுமிச்சம்பழமும் பாதையைப் பொறுத்தவை. உயரம் "பண்பு". செலவு பண்பு அல்ல.

ஒரு நிலையில் இருந்து இன்னொரு நிலைக்குப் போவதை "நிகழ்முறை" என்கிறார்கள். சுற்றிவிட்டுப் புறப்பட்ட நிலைக்கே திரும்பி வந்தால் அது "சுழற்சி". எல்லா என்ஜின்களும் சுழற்சியில்தான் ஓடுகின்றன. ஒரு தடவை மட்டும் தள்ளிவிட்டு நின்றுபோனால் அது என்ஜின் அல்ல, பட்டாசு!

சூடும் மணியார்டரும்

"இந்தத் தண்ணீரில் நிறைய வெப்பம் இருக்கிறது" என்று பேசுகிறோம். என்ஜினீயரிங் வகுப்பில் அப்படிச் சொன்னால் வாத்தியார் கோபித்துக்கொள்வார்.

முன்பு தபால்காரர் மணியார்டர் கொண்டு வருவார். மகன் பட்டணத்தில் கட்டிய பணம் வழியில் இருக்கும்போதுதான் அதற்கு மணியார்டர் என்று பெயர். கையெழுத்துப் போட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் அது வெறும் பணம். "என் பெட்டியில் மூன்று மணியார்டர் இருக்கிறது" என்று யாரும் சொல்வது இல்லை.

வெப்பமும் அப்படியே. சூடான பொருளில் இருந்து குளிர்ந்த பொருளுக்கு எல்லையைத் தாண்டிப் போகும்போதுதான் அது "வெப்பம்". உள்ளே போய்ச் சேர்ந்த பிறகு அது "உள் சக்தி".

உள்ளே அனுப்ப இன்னொரு வழியும் உண்டு. அதன் பெயர் "வேலை". சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும்! யாரும் நெருப்பு வைக்கவில்லை. உங்கள் கை வேலைதான் காற்றின் உள் சக்தியாகிவிட்டது. டீசல் என்ஜினில் இதே வேலை பெரிய அளவில் நடக்கிறது. காற்றை 16-ல் ஒரு பங்காக அமுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. எண்ணெய் அதில் பட்டதும் தானாகப் பற்றிக்கொள்கிறது.

பேரனுக்குப் பிறகு பிறந்த தாத்தா

ஜுரம் பார்க்கிறோம். தெர்மாமீட்டர் உடம்போடு சேர்ந்து சமநிலைக்கு வரும்வரை காத்திருக்கிறோம். அந்த தெர்மாமீட்டரே இன்னொரு குழந்தையின் உடம்பிலும் அதே அளவைக் காட்டினால், இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே சூடு என்று சொல்லிவிடுகிறோம். இரண்டு பேரையும் ஒட்டவைத்துப் பார்ப்பது இல்லை.

இது இயற்கை விதி. இந்தச் சாஸ்திரத்தின் அஸ்திவாரம். ஆனால் முதல் விதி, இரண்டாம் விதி எல்லாம் பெயர் பெற்றுப் பல வருஷங்கள் கழித்துத்தான் இதற்குப் பெயர் வைக்கத் தோன்றியது! முதல் விதிக்கும் முன்னால் நிற்கவேண்டியது ஆயிற்றே? அதனால் "பூஜ்ய விதி" என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் வைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பவுலர். மேகநாத சாகாவும் பி.என்.ஸ்ரீவாஸ்தவாவும் எழுதி 1935-ல் வெளிவந்த இந்தியப் பாடப் புத்தகம் ஒன்றைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் இந்தப் பெயரைச் சொன்னார் என்று ஜெர்மன் விஞ்ஞானி சோமர்பெல்ட் எழுதி இருக்கிறார். பெயரில் நமக்கும் ஒரு பங்கு உண்டு!

ஒரு லிட்டர் வெந்நீரும் தெற்குக் கோபுரமும்

முதல் விதியின் கதை ஒரு கப்பலில் தொடங்குகிறது. 1840-ல் மேயர் என்ற ஜெர்மன் டாக்டர் டச்சுக் கப்பலில் ஜாவா தீவுக்குப் போனார். அந்தக் காலத்தில் வைத்தியத்துக்காக ரத்தம் எடுப்பார்கள். மாலுமிகளின் சிரை ரத்தம் கறுத்து இருப்பதற்குப் பதில் பளிச்சென்று சிவப்பாக இருந்தது. வெப்ப நாட்டில் உடம்பு சூட்டுக்காக அதிகம் "எரிக்க" வேண்டியது இல்லை என்று அவர் யோசித்தார். சாப்பாடு, உடம்புச் சூடு, உடல் உழைப்பு மூன்றும் ஒரே கணக்கு என்ற முடிவுக்கு வந்தார். 1842-ல் எழுதினார். அன்று அவரை மதித்தவர்கள் குறைவு.

அதே சமயம் இங்கிலாந்தில், மான்செஸ்டர் அருகில் உள்ள சால்போர்டில், பீர் தயாரிக்கும் தொழில் நடத்திய குடும்பத்துப் பிள்ளை ஜூல் என்பவர் அளந்தே காட்டிவிட்டார். எடைக்கல் இறங்கும், துடுப்பு தண்ணீரைக் கலக்கும், தண்ணீர் சிறிது சூடேறும். எத்தனை வேலைக்கு எத்தனை சூடு என்று கணக்கிட்டார்.

அந்தக் கணக்கை மதுரை பாஷையில் சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் சக்தியை முழுவதும் வேலையாக மாற்ற முடியுமானால், 60 கிலோ எடையுள்ள ஒன்பது பேரை மீனாட்சி அம்மன் கோவில் தெற்குக் கோபுரத்தின் உயரத்துக்கு, அதாவது சுமார் 52 மீட்டருக்குத் தூக்கிவிடலாம்! ஒரு சொம்பு வெந்நீருக்குள் அத்தனை வலு இருக்கிறது.

ஆவிக்கு இதைவிட அதிகம். கொதிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை முழுவதும் ஆவியாக்க, அதைக் கொதிக்கவைக்க ஆனதைப் போல ஏழரை மடங்கு வெப்பம் வேண்டும். இட்லிப் பானை ஆவி கையில் பட்டால் வெந்நீர் பட்டதைவிட மோசமாகப் பொசுக்குவது இதனால்தான்.

முதல் விதி இதுதான்: உள்ளே வந்த சக்தியில் வெளியே போனதைக் கழித்தால், மிச்சம் உள்ளே இருக்கும். சக்தி புதிதாகப் பிறக்காது; அழியாது. நாடார் கடைப் பேரேடு போலச் சுத்தமான கணக்கு.

மூலிகை பெட்ரோல்

இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் பணம் பிழைக்கும்.

1996-ல் ராஜபாளையம் பக்கத்தில் இருந்து ஒரு செய்தி கிளம்பி இந்தியா முழுவதும் பரபரப்பாகப் பேசப்பட்டது. தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் காய்ச்சினால் பெட்ரோல் வரும் என்று ஒருவர் சொன்னார். பத்திரிகைகள் எழுதின. பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் நம்பினார்கள். பிறகு விஞ்ஞானிகள் முன்னிலையில் நடந்த சோதனையில் அது நிலைநிற்கவில்லை. சி.பி.ஐ. வழக்கும் வந்தது.

சோதனைக்கூடமே வேண்டாம். கோடு போட்டுக் கணக்குப் பார்த்தால் போதும். தண்ணீர் என்பது என்ன? ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல்! சாம்பலைத் திரும்ப விறகாக்க வேண்டுமானால், விறகு எரிந்தபோது வந்த அத்தனை சக்தியையும் திருப்பிக் கொடுத்தாகவேண்டும். ஒரு கைப்பிடி இலையிலும் சிறிது நேரச் சமையலிலும் அந்தச் சக்தி எங்கே இருக்கிறது? வரவு இல்லாத இடத்தில் செலவு காட்டினால் அது கள்ளக் கணக்கு.

"தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிள்", "ஒருமுறை சுற்றிவிட்டால் நிற்காத ஜெனரேட்டர்" என்று இப்போதும் செல்போனில் படம் வருகிறது. முன்பணம் கேட்பவர்களும் உண்டு. எல்லைக்கு உள்ளே என்ன போகிறது என்று அவர்களைக் கேளுங்கள்.

குப் குப் சத்தத்தின் ரகசியம்

முதல் விதி மட்டும் போதுமா? போதாது.

டவராவில் சூடான காப்பி ஆறுகிறது. அறைக் காற்றின் சூட்டோடு சமமாகி நின்றுவிடுகிறது. இதுதான் "சமநிலை". ஆறிய காப்பி, அறையில் உள்ள சூட்டை உறிஞ்சித் திரும்பத் தானாகக் கொதித்தால் முதல் விதி தடுக்காது. கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் அப்படி நடப்பது இல்லை. வெப்பம் தானாக மேட்டில் இருந்து பள்ளத்துக்குத்தான் பாயும், வைகைத் தண்ணீரைப் போல. இதுவே இரண்டாம் விதி. இந்த ஒருவழிப் பாதையை அளக்கும் பண்புக்கு, 1865-ல் கிளாசியஸ் என்ற ஜெர்மானியர் "என்ட்ரோபி" என்று பெயர் வைத்தார்.

மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்குப் பாயும்போது நடுவில் சக்கரம் வைத்தால் சுழலும். வெப்பம் பாயும் வழியில் வைத்த சக்கரம்தான் என்ஜின். இதைக் கண்டு சொன்னவர் சாடி கார்னோ என்ற பிரெஞ்சு ராணுவ என்ஜினீயர். 1824-ல் அவர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டபோது வயது 28. வாங்கிப் படித்தவர்கள் சிலரே. 1832-ல் காலரா கண்டு 36 வயதில் இறந்துபோனார். அந்தச் சிறு புத்தகத்தின் மேல்தான் இன்று எல்லா மின்சார நிலையங்களும் நிற்கின்றன.

அவர் சொன்னது இதுதான். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் என்ஜினின் உச்ச வரம்பு. எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்காக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது!

மதுரைக்கு 1875-ல் திருச்சியில் இருந்து ரெயில் வந்தது. நீராவி என்ஜின்தான். 180 டிகிரி ஆவி ஒன்றை வைத்துக்கொள்வோம். அது வேலை செய்துவிட்டு 100 டிகிரியில் வெளியே போகிறது. இந்தக் கணக்குக்கு டிகிரியைப் பனிக்கட்டி உருகும் இடத்தில் இருந்து எண்ணக்கூடாது. அதற்கும் 273 டிகிரி கீழே, குளிரின் அடிமட்டத்தில் இருந்து எண்ணவேண்டும். அப்போது மேடு 453, பள்ளம் 373. வித்தியாசம் 80. அதை 453-ல் வகுத்தால் 100-க்கு ஏறக்குறைய 18. அவ்வளவுதான் வரம்பு!

உண்மையான ரெயில் என்ஜின்களுக்குக் கிடைத்தது 100-க்கு 6 முதல் 8 வரைதான். "குப் குப்" என்று கேட்குமே ஒரு சத்தம், அது வேலை முடிந்த ஆவி புகைபோக்கி வழியே பீறிடும் சத்தம். அதோடு சூடும் போகிறது. (அந்த ஆவி போகிற வேகத்தில் அடுப்புக்குக் காற்றை இழுத்துக் கொடுத்தது என்பதையும் சொல்லவேண்டும். முழுக்க வீண் என்று திட்ட முடியாது.) நீலகிரி மலை ரெயிலில் போனால் அந்தச் சத்தத்தை இன்றும் கேட்கலாம்.

கடலுக்குப் போகும் சூடு

மேட்டை உயர்த்து, பள்ளத்தை ஆழமாக்கு! மின்சார நிலையங்கள் செய்வது இதைத்தான்.

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் தலா 210 மெகாவாட் வலுவுள்ள ஐந்து யந்திரங்கள் நிறுவப்பட்டன. இந்த மாதிரி நிலையத்தில் ஆவி சுமார் 540 டிகிரிக்குச் சூடேற்றப்படுகிறது. டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே வந்ததும் கடல் தண்ணீரால் குளிரவைக்கிறார்கள். ஆவி தண்ணீராகிறது. பம்ப் அதைத் திரும்ப பாய்லருக்குத் தள்ளுகிறது. மறுபடி ஆவி, மறுபடி டர்பைன். சுழற்சி பூர்த்தி!

அப்படி இருந்தும் 100 பங்கு வெப்பத்தில் சுமார் 35 பங்குதான் மின்சாரம். பாதியளவு கடல் தண்ணீரோடு போகிறது. மற்றது புகைபோக்கியிலும் வேறு வழிகளிலும் போகிறது. "ஏன் வீணாக்குகிறீர்கள்? குளிரவைக்காமல் அப்படியே திருப்பி விடக்கூடாதா?" என்று கேட்கத் தோன்றும். பள்ளம் இல்லாவிட்டால் தண்ணீர் பாயாது. சக்கரம் நின்றுவிடும். கடலுக்குக் கொடுக்கும் சூடு இயற்கை வசூலிக்கும் வரி. குறைக்கலாம், தள்ளுபடி கிடையாது.

அடுப்பங்கரையில் பிரிஜ்

வெப்பத்தைப் பள்ளத்தில் இருந்து மேட்டுக்கு ஏற்றவே முடியாதா? முடியும். கூலி கொடுக்கவேண்டும். கிணற்றில் இருந்து தண்ணீர் இறைப்பது போல.

கூலி வாங்காத குளிர்ச்சி ஒன்றும் நம் வீட்டில் உண்டு. மண்பானை! ஆனால் அது ஏற்றுவது இல்லை, ஆவியாக்கி அனுப்புகிறது. பானையின் மேல் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரில் இருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 10 கிராம் ஆவியானால் ஒரு லிட்டர் தண்ணீர் ஐந்தாறு டிகிரி குளிரும். சித்திரை வெயிலில் மதுரையின் வறண்ட காற்றில் இது ஜோராக நடக்கும். கடற்கரை ஊரில் காற்றே ஈரமாக இருப்பதால் அதே பானை அவ்வளவு குளிராது. பானையின் மேல் குற்றம் இல்லை.

பிரிஜ் மின்சாரத்தைக் கூலியாக வாங்கிக்கொண்டு உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுவந்து கொட்டுகிறது. பின்பக்கத்தையோ பக்கவாட்டையோ தொட்டால் சுடுவது அந்த வெப்பம்தான்.

கத்திரி வெயிலில் சிலர் ஒரு யோசனை செய்கிறார்கள். அடுப்பங்கரைக் கதவு, ஜன்னல்களைச் சாத்திவிட்டு பிரிஜ்ஜைத் திறந்துவைத்தால் அறை குளிர்ந்துவிடாதா?

கோட்டை இந்தத் தடவை அறையைச் சுற்றிப் போடுங்கள். பிரிஜ் எல்லைக்கு உள்ளே இருக்கிறது. முன்பக்கம் எடுத்த வெப்பத்தைப் பின்பக்கம் அதே அறையில்தான் கொட்டுகிறது. எல்லையைத் தாண்டி உள்ளே வருவது கம்பி வழி வரும் மின்சாரம் ஒன்றே. அதுவும் கடைசியில் சூடாகிவிடும். எனவே அறை முன்பைவிட அதிகமாகச் சூடேறும். மின்சார பில்லும் ஏறும். ஏ.சி. யந்திரத்தின் பாதியை வீட்டுக்கு வெளியே மாட்டுவது இதற்காகத்தான்.

பிரிஜ்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் சற்று முன்னால் இழுத்துப் போடுங்கள். ஒரு சாண் இடைவெளி விட்டால் நல்லது. பின்பக்கம் சூடு போக வழி இல்லாவிட்டால் யந்திரம் இன்னும் உயரமான மேட்டுக்கு வெப்பத்தை ஏற்றவேண்டியிருக்கும். அதற்குத் தகுந்த கூலியையும் கேட்கும்.